ஞாயிற்றுக்கிழமை பூட்ஸ் மூட்டை

என் பிரியமான காதர் பாய்க்கு,

சலாம். நீங்கள் இருக்கும் இடத்தில் வெயில் எப்படி? இங்கே மாசி பிறந்ததுமே மலை சுட ஆரம்பித்துவிட்டது. பஸ் டிப்போ வாசலில் தண்ணீர்ப் பானை வைத்தாயிற்று. டயர் செக்‌ஷனில் உங்கள் இடத்துக்குப் போளூரிலிருந்து மாற்றலாகி ஒருவர் வந்திருக்கிறார். நல்ல மனுஷன்தான். ஆனால் பந்து என்றால் அவருக்கு அது பஞ்சர் ஒட்ட வேண்டிய இன்னொரு சாமான், அவ்வளவுதான்.

சீசன் முடிந்து எத்தனையோ நாளாகிறது. உங்களுக்குச் சேதி சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்பேன், பேனாவைத் திறப்பேன், மூடிவிடுவேன். காரணம் வெட்கம் பாய். "கண்டக்டர் ஏழுமலைக்கு வெக்கமா? ஃபுட்போர்டுல தொங்கறவனை நாலு ஊரு கேக்கத் திட்டற வாயாச்சேடா" என்று நீங்கள் சிரிப்பது காதில் விழுகிறது. சிரியுங்கள். முழுக்கக் கேட்ட பிறகும் சிரிப்பு வருகிறதா பார்ப்போம்.

உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று சாயங்காலமே நம் ஃபுட்பால் கிளப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். டிரைவர்களுக்கு ரூட், ஒர்க்‌ஷாப் ஆட்களுக்கு ஷிப்ட், வாய் உள்ளவன் நான்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். எழுபத்தைந்தில் நீங்கள் ஒற்றைப் பந்தோடு ஆரம்பித்த கிளப். மூன்று டீம். ஓடக் கூடியவர்களுக்கு முதல் டீம், ஓட ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டாவது, மூச்சு வாங்குகிறவர்களுக்கு மூன்றாவது என்று நீங்கள்தான் பிரித்தீர்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு கோணி பூட்ஸ். காலையில் மூன்றாவது டீம் போட்டுக் கழற்றினால் மத்தியானம் இரண்டாவது, சாயங்காலம் முதல் டீம். பெரிய கால்காரன் விரலை மடக்கிக்கொள்வான், சின்னக் கால்காரன் பேப்பரைத் திணித்துக்கொள்வான். எல்லாம் முடிந்த பிறகு அந்தக் கோணியை நீங்கள் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போவீர்கள். அடுத்த ஞாயிறு அது வரும்போது பூட்ஸெல்லாம் கன்றுக்குட்டிக் காது மாதிரி மெத்தென்று இருக்கும்.

ஒருமுறை நான் கேட்டிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா? "எப்படி பாய், என் செருப்பு ஒரு மழைக்கே வெறைச்சிப் போவுது, இது மட்டும் இப்படி இருக்குது?" நீங்கள் மீசையைத் தடவிக்கொண்டே சொன்னீர்கள்: "நான் லாரி டயரையே வழிக்குக் கொண்டாறவன். தோலு எனக்கு எம்மாத்திரம்?" அதை நான் நம்பினேன். டிப்போவே நம்பியது. அதில் உங்களுக்கும் ஒரு பங்கு வெட்கம் இருக்கிறது பாய். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா. நாங்கள் எல்லோரும் வந்திருந்தோம். மும்தாஜ் அண்ணி இத்தாவில் இருந்ததால், அந்த நாலு மாசம் பத்து நாளும் வெளி ஆண்கள் கண்ணில் படக் கூடாதென்று, அறைக்குள்ளே, திரைக்கு அந்தப் பக்கம். உங்கள் மகள் ஷமீம்தான் நடுவில் நின்றாள். பிரியாணி சாப்பிட்ட கையோடு எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. திரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்.

"அண்ணி, இந்த வருஷம் கப்பு ஜெயிச்சி, பாய் பேருல நேரா இந்த வீட்டுக்குக் கொண்டாறோம். இது எங்க சத்தியம்."

உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. "சரி தம்பி. அந்த பூட்ஸுங்க..."

நான் முடிக்க விடவில்லை. கணவனைப் பறிகொடுத்தவர், பாவம், உங்கள் சாமான்களை நினைத்துக் கலங்குகிறார் என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் அண்ணி. நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க" என்றேன். ரொம்ப ஆறுதலாகப் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டு வெற்றிலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

சீசனைச் சொல்கிறேன். மூன்றாவது டீம் கீழ்பென்னாத்தூரில் வாத்தியார்கள் டீமோடு ஆடி, ஆளுக்கொரு கோலில் சமன் செய்தது. நம் கோல் எப்படி விழுந்தது தெரியுமா? கேஷியர் சாமிநாதன் கோலுக்கு முன்னால் நின்று துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். பந்து அவர் தொந்தியில் பட்டு உள்ளே போய்விட்டது. அன்றிலிருந்து மனுஷன் கவுண்டரில் சில்லறை கொடுக்கும்போதுகூட நெஞ்சை நிமிர்த்தித்தான் கொடுக்கிறார். பக்கத்து மல்லாட்டைக் கொல்லையில் பந்து விழும்போதெல்லாம் எடுக்கப் போனவன் பை நிறைய மல்லாட்டையோடு, பச்சைக் கடலையை உரித்துத் தின்றுகொண்டே வந்தான். என் சொந்த ஊர் பாய், கொல்லைக்காரர் எனக்கு மாமன் முறை, எனக்கு அதுவே அந்த சீசனின் முதல் அவமானம்.

இரண்டாவது டீம் செங்கத்தில் மூன்று கோல் வாங்கியது. வரும் வழியெல்லாம் காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். நகம் கறுத்துப் போய், குதிகால் உரிந்து கிடந்தது. "பூட்ஸு என்னமோ மரக்கட்ட மாதிரி இருக்குதுண்ணே" என்று ஒருவன் சொன்னான். "பாய் போன துக்கம் பூட்ஸுக்கும் இருக்காதாடா" என்றேன். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் பெரிய நகைச்சுவை சொல்லிவிட்ட மாதிரி டிக்கெட் பையைத் தட்டிக்கொண்டேன்.

முதல் டீம்தான் மானத்தைக் காப்பாற்றியது. டிரைவர் கன்னியப்பன் கேப்டன். பாஷா, நம் எலக்ட்ரீஷியன், கோல்கீப்பர். ஆரணியில் ஜெயித்தார்கள், போளூரில் ஜெயித்தார்கள். தை மாதம் ஃபைனல், அதுவும் நம் ஊரிலேயே, ஹைஸ்கூல் கிரவுண்டில், வேலூர்க்காரர்களோடு.

ஒவ்வொரு மேட்ச்சுக்கும் முன்னால் நீங்கள் செய்கிற மாதிரியே மூன்று டீம் ஆட்களின் பேரையும் கூப்பிட்டேன். வந்திருப்பவன் "இருக்கேன்" என்பான். வராதவனுக்கு வேறு யாராவது "ரூட்டுல இருக்காரு" என்று சொல்ல வேண்டும். ஆடுகிறானோ இல்லையோ, ஒருத்தன் பேரும் விட்டுப்போகக் கூடாது என்பது உங்கள் சட்டம். முதல் நாள் கடைசியில் பழக்க தோஷத்தில் உங்கள் பேரையும் கூப்பிட்டுவிட்டேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாஷாதான் மெதுவாகச் சொன்னான்: "ரூட்டுல இருக்காரு." அன்றிலிருந்து ஒவ்வொரு மேட்ச்சுக்கும் கூப்பிட்டோம், ஒவ்வொரு மேட்ச்சுக்கும் அவன் அதையே சொன்னான். யார் பேரும் விட்டுப்போகவில்லை என்று நான் நெஞ்சில் கை வைத்துச் சொல்லியிருப்பேன் பாய்.

இப்போது ஃபைனல். எழுதக் கை கூசுகிறது.

முந்தின நாள் சனிக்கிழமை. காலையில் கன்னியப்பன் வந்து, "அண்ணே, பாய் பேருல மலையை ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம். வெறுங்காலோட. அண்ணாமலையாரு கைவிட மாட்டாரு" என்றான். மேட்ச்சுக்கு முந்தின நாள் சினிமாவுக்குக்கூட நடந்து போகாதே, பஸ்ஸில் போ, நம் பஸ்தானே என்று சொன்னவர் நீங்கள். உங்கள் பேரைச் சொல்லியே உங்கள் பேச்சை மீறினோம். நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை, முன்னால் நடந்ததே நான்தான். பாஷாவும் கூட வந்தான். "பாய் மட்டும் பார்த்தாருன்னா அத்தினி பேரையும் செருப்பால அடிப்பாரு" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினான்.

பாதி தூரம் சுகமாகத்தான் இருந்தது. அடி அண்ணாமலை தாண்டியதும் ரோட்டுக்குப் புதிதாக ஜல்லி கொட்டி வைத்திருந்தார்கள். திரும்பினால் சாமி குத்தம், செருப்புப் போட்டால் பாய்க்குக் குறை என்று பேசிக்கொண்டே அந்த ஜல்லியில் நடந்தோம். எல்லாம் வருஷம் முழுக்க ஆக்ஸிலேட்டர் மிதித்து மெத்தென்று ஆன கால்கள். ஊருக்குள் வந்து சேரும்போது டிரைவர் ஜாதியே நொண்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் அந்தக் காலைத்தான் அந்த பூட்ஸுக்குள் திணித்தோம்.

அரைமணி நேரத்துக்குள் நாலு பேர் பூட்ஸைக் கழற்றி வீசிவிட்டார்கள். கன்னியப்பன் ஒற்றைக் காலில் பூட்ஸோடு ஓடினான். கூட்டத்தில் ஒருத்தன், "மலையச் சுத்தினவங்களுக்கு மைதானத்தச் சுத்த முடியலயா?" என்று கத்தினான். ஊரே சிரித்தது. நம் மேனேஜர் நாற்காலியை மெல்லப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஐந்து கோல் பாய். பாஷா ஒவ்வொன்றுக்கும் விழுந்து விழுந்து எழுந்தான், கடைசிக் கோலுக்கு எழவில்லை, மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அதோடு விட்டதா? கப்பை உங்கள் தெருவுக்கு ஊர்வலமாக எடுத்து வர நான் பேண்டு செட் ஏற்பாடு செய்திருந்தேன். சிவப்புக் கோட்டுப் போட்ட ஆட்கள் காலையிலிருந்து வேப்ப மரத்தடியில் காத்திருந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு கிளாரினெட்காரர் என்னிடம் வந்து, "சார், நாங்க வாசிக்கிறதா, போறதா?" என்று கேட்டார். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது.

அதற்குப் பிறகு உங்கள் தெருப் பக்கமே நான் போகவில்லை. சத்தியம் செய்துவிட்டு எந்த முகத்தோடு போவது? என் டவுன் பஸ் உங்கள் தெரு முனையில்தான் நிற்கும். அந்த ஸ்டாப் வரும்போதெல்லாம் டிக்கெட் பைக்குள் தலையை விட்டு எதையோ தேடுவேன். கணக்கு சரியாக வராதவன் மாதிரி விரல் விடுவேன். டிரைவருக்கே சந்தேகம் வந்து, "அந்த ஸ்டாப்ல யாருக்காச்சும் கடன் பாக்கியாண்ணே?" என்று கேட்டுவிட்டான்.

எத்தனை நாளைக்கு? போன வெள்ளிக்கிழமை அதே ஸ்டாப்பில் புர்க்கா போட்ட ஒரு அம்மா ஏறினார். நான் பைக்குள் தலையை விட்டபடியே, "எங்கம்மா போவணும்?" என்றேன்.

"தலயத் தூக்கினா சொல்றேன் தம்பி."

அண்ணி. இத்தா முடிந்து வெளியே வந்திருக்கிறார், நானோ அது முடிந்ததா என்றுகூட விசாரிக்கவில்லை. அவரே கையை நீட்டினார். "டிக்கெட் குடுங்க. ட்யூட்டி முடிஞ்சதும் வீட்டுக்கு வாங்க. வரும்போது அந்தக் கோணியக் கொண்டாங்க."

கப்பைப் பற்றிக் கேட்பார் என்று பயந்தவனுக்குக் கோணி என்றதும் ஒன்றும் புரியவில்லை. தேடிப் பார்த்தால் அது டயர் செக்‌ஷன் மூலையில், பழைய ட்யூபுகளுக்கு அடியில் கிடந்தது. ஃபைனலுக்குப் பிறகு யார் வீசினார்களோ, மண்ணும் வேர்வையுமாக அப்படியே. ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தேன். வளையவில்லை. கொட்டாங்கச்சி மாதிரி இருந்தது. ஒரு ஜோடியை எலி கடித்திருந்தது.

அதைக் கேரியரில் கட்டிக்கொண்டு உங்கள் வழியிலேயே வந்தேன் பாய். ஷமீம் முற்றத்தில் கோரைப்பாய் விரித்து வைத்திருந்தாள். பக்கத்தில் விளக்கெண்ணெய்க் கிண்ணம், பழைய பனியன் துணி, கிழித்த பேப்பர். எல்லாம் எடுத்து வைத்துக் காத்திருந்த மாதிரி இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்க ஆரம்பித்தது.

"பூட்ஸுக்கு நீங்கதான் எண்ணெ போடுவீங்களா அண்ணி?"

"பின்ன யாரு? உங்க பாயா? அவரு கோணிய வாசல்ல போட்டுட்டு, யாரு கோல் போட்டா, யாரு கோட்ட விட்டான்னு கதை சொல்வாரு. நான் தொடச்சிக்கினே கேப்பேன். ஞாயித்துக்கிழம ராத்திரி எங்க வீட்ல அதான் ரேடியோ."

ஒரு பூட்ஸைக் கையில் எடுத்தார். "இது கன்னியப்பன் தம்பி போடறது. அவரு எப்பவும் கட்ட வெரலாலயே அடிப்பாரு, இங்கதான் பிரியும்" என்றார். ஒரு மேட்ச் பார்த்ததில்லை, எங்களில் முக்கால்வாசிப் பேர் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொருத்தனும் எப்படி ஓடுவான் என்று தெரிந்து வைத்திருக்கிறார். பூட்ஸை அழுத்திப் பார்த்தார், தோல் மடங்கவே இல்லை. அதைத் துணியால் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"ஃபாத்திஹா அன்னிக்கே கேட்டேன். நாங்க பாத்துக்கறோம்னீங்க. இதானா பாத்துக்கினது?"

"நீங்க இத்தாவுல இருந்தீங்களே அண்ணி, உங்கள எதுக்குத் தொந்தரவு..."

"இத்தாவுல இருந்தது நானு. பூட்ஸு இல்லயே. நாலு சொவத்துக்குள்ள உக்காந்திருந்தவளுக்குக் கைக்கு ஒரு வேலை இருந்திருக்கும். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமயும் சைக்கிள் மணி கேக்குதான்னு பாத்துக்கினே இருந்தேன். அவரு போனாரு, சரி, அல்லா கூப்பிட்டான். நீங்க ஏன் தம்பி என்னையும் டீம்லேருந்து எடுத்துட்டீங்க?"

தோற்றதற்குக்கூட அழாதவன், உங்கள் முற்றத்தில் உட்கார்ந்து அழுதேன். கேட்காத கப்பைத் தருகிறேன் என்று சத்தியம் செய்தேன். கேட்ட கோணியைத் தராமல் எலிக்குப் போட்டேன். மலையைச் சுற்றியதாலும் ஜல்லியாலும் கால் போனது என்று இத்தனை நாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். செங்கத்திலேயே கால் உரிந்ததே, அன்றைக்கு எந்த மலையைச் சுற்றினார்கள்?

அவரே பேச்சை மாற்றினார். "பேண்டு செட்டெல்லாம் சொல்லி வெச்சிருந்தீங்களாமே?"

தலையை ஆட்டினேன்.

"அவரு போய் வருஷம்கூட ஆவல. பள்ளிவாசல் தெருவுல, என் வீட்டு வாசல்ல பேண்டு. வந்துடப் போவுதோன்னு அன்னிக்கெல்லாம் எனக்கு நெஞ்சு அடிச்சிக்கினே இருந்திச்சி. நீங்க தோத்துட்டீங்கன்னு ஷமீம் வந்து சொன்னப்பதான் மூச்சு விட்டேன். கோச்சிக்காதீங்க தம்பி, நாங்க ரெண்டு பேரும் அல்லாவுக்கு நன்றி சொன்னோம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார் பாய். நீங்கள் போன பிறகு அண்ணி சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எங்கள் டீம் வாங்கிய ஐந்து கோலும் அந்த வீட்டுக்கு ஒரு நன்மை செய்திருக்கிறது. இப்படி ஒரு அவமானத்தை வேறு யாராவது பட்டிருப்பார்களா?

ஆனால் நீங்கள் ஏன் சொல்லவில்லை? அத்தனை வருஷம் பூட்ஸை நாங்கள் புகழும்போதெல்லாம் மீசையைத் தடவிக்கொண்டீர்களே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "அது எம் பொஞ்சாதி கை" என்று சொல்லியிருந்தால் இந்த வருஷம் அந்தக் கோணி வழி தவறியிருக்காதே. அண்ணியிடம் இதைக் கேட்டேன். "அவருக்குக் கூச்சம்" என்றார். உங்களுக்குக் கூச்சமா? பல் துலக்கிக்கொண்டே ரெஃப்ரியோடு சண்டை போட்டவருக்கா? கோபமாகத்தான் இருக்கிறது. செத்துப் போனவர் மேல் கோபப்படுவதற்கும் வெட்கமாக இருக்கிறது.

முந்தாநாள் டிப்போவில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். கன்னியப்பன் எழுந்து வெளியே போய், பானைத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு வந்தான். இனிமேல் கழற்றுகிறவன் எவனாக இருந்தாலும் மண்ணைத் தட்டித்தான் கோணியில் போட வேண்டும் என்று கேஷியர் சாமிநாதன் சட்டம் போட்டார். எலி கடித்த ஜோடி மட்டும் தேறாது என்று அண்ணி சொல்லிவிட்டார். மற்றது எல்லாம் முற்றத்தில் எண்ணெய் குடித்துக்கொண்டிருக்கிறது. மூன்று தடவை போட்டும் போதவில்லையாம், "ஜாஸ்தி காஞ்சி போச்சி, மெதுவாத்தான் வழிக்கு வரும்" என்கிறார்.

கப்பு வாங்குவேன் என்று இனி உங்களிடம் சத்தியம் செய்ய மாட்டேன் பாய். வாயால் கெட்டது போதும். இது ஒன்றுதான் சத்தியம்: ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு என் சைக்கிள் மணி உங்கள் வாசலில் கேட்கும். கோணியை இறக்கி வைத்துவிட்டு, யார் கோல் போட்டான், யார் கோட்டை விட்டான் என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

ஆடி முடிந்து அடுத்த சீசன் ஆரம்பிக்கிறது. முதல் மேட்ச் நம் கிரவுண்டில்தான். ஷமீமோடு அண்ணியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்று பேர் கூப்பிடும்போது உங்கள் பேருக்குப் பாஷா வழக்கம்போல "ரூட்டுல இருக்காரு" என்பான். அதற்கு அடுத்ததாக அண்ணி பேரைக் கூப்பிடப் போகிறேன். "அதுக்கு யாருண்ணே பதில் சொல்றது?" என்று பாஷா கேட்டான்.

"நீ ஒண்ணும் சொல்லாத. அவங்களே சொல்வாங்க" என்றேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு வாசலில் மணி அடிக்க இத்தனை தாமதமாகக் கற்றுக்கொண்ட தம்பி,
ஏழுமலை